‘தேவாங்கு’ என்று திட்டாதீர்கள்... அது நம் வயலின் இரவுக் காவலாளி!

“என்னடா தேவாங்கு மாதிரி முழிக்கிற?”

கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சின்னசேலம் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரில் பிறந்தவராக இருந்தாலும் இந்த வசவை ஒருமுறையாவது வாங்கியிருப்பீர்கள். இளைத்த உடம்போடு இருக்கும் பிள்ளையைப் பார்த்து, “சாப்பிடாம தேவாங்கு மாதிரி ஆயிட்டான்” என்று அலுத்துக்கொள்ளாத பாட்டி உண்டா? ஆனால், திட்டுபவர்கள், திட்டு வாங்குபவர்கள் இரண்டு தரப்பிலும் நிஜமான தேவாங்கைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பேச்சில் வாழும் அளவுக்கு இன்று காட்டில் அது வாழவில்லை என்பதுதான் வருத்தமான செய்தி.

உலகத்தில் பெரும்பாலும் மரத்திலேயே வாழும் அபூர்வ விலங்குகள் பல உண்டு. ஆஸ்திரேலியாவின் கோலா, பப்புவா நியூ கினியின் மரக் கங்காரு என்று டி.வி-யில் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவையெல்லாம் வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பவை. நம் ஊர் தேவாங்குக்குப் பை கிடையாது. அது குரங்குக்கும் நமக்கும் தூரத்துச் சொந்தம். நகம் உள்ள விரல்கள், எதையும் பற்றிக்கொள்ளும் கட்டை விரல், முன்னோக்கிப் பார்க்கும் இரண்டு கண்கள் என நம்மோடு ஒப்பிட நிறையவே இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்கு என்றே இந்தியாவின் முதல் சரணாலயம் அமைந்திருப்பதும் நம் தமிழ்நாட்டில்தான்!

ஒரு மாதுளம்பழ எடை

நன்கு வளர்ந்த தேவாங்கை எடை போட்டால் ஏறத்தாழ கால் கிலோ வரும். பெரிய மாதுளம்பழம் ஒன்றின் எடை, அவ்வளவுதான். உடல் நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வெளியே தெரியும்படி வால் கிடையாது. குச்சி போன்ற கைகால்கள், ஈரமான கூர்மூக்கு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கண்கள்.

அந்தக் கண்கள்தான் அதன் வரமும் சாபமும். தேவாங்கு முழுக்க முழுக்க இரவில் நடமாடும் பிராணி. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், நட்சத்திர வெளிச்சமே அதற்குப் போதும். டார்ச் அடித்தால் இரண்டு ஆரஞ்சுத் தணல்களைப் போல மின்னும். பகலில் பிடித்துவந்து வெயிலில் வைத்தால், பாவம், அந்தப் பெரிய கண்கள் கூசித் தவிக்கும். அதைத்தான் நாம் ‘முழிக்கிறது’ என்று கேலி செய்கிறோம்.

அதன் நடையும் தனி ரகம். அணிலைப் போல ஓடாது. குரங்கைப் போலத் தாவாது. ஒரு காலை எடுத்து வைத்து, கிளையை இறுகப் பற்றி, அடுத்த காலை எடுக்கும். கைகால்களில் ரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக்கிடப்பதால், மணிக்கணக்கில் ஒரே கிளையைப் பிடித்துத் தொங்கினாலும் அதற்கு மரத்துப்போவதில்லை. இலைகூட அசையாமல் பூச்சியை நெருங்கி, சட்டென்று இரண்டு கைகளாலும் அமுக்கிவிடும்.

இந்தத் தாவ முடியாத குணத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேவாங்கின் இன்றைய கஷ்டங்களில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

தொட்டில் கட்டாத தாய்

தேவாங்கின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும் பகுதி, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் காடுகளில் கிடைத்த தகவல்தான். 1990-களின் பிற்பகுதியில், சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங், அன்னா நெகாரிஸ் போன்ற ஆய்வாளர்கள் அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும் என்பதால், சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு, முள்காட்டில் இரவெல்லாம் அதன் பின்னாலேயே நடந்தார்கள்.

அதுவரை தேவாங்கு ஒரு தனிமை விரும்பி என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அய்யலூர் வேறு கதை சொன்னது. பகலில் முள்கொடிகள் அடர்ந்த புதரில் ஒரு குடும்பமாக, ஒன்றன் மேல் ஒன்று சுருண்டு அவை தூங்கும். இருட்டியதும் ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்துவிட்டு ஆளுக்கொரு திசையில் இரை தேடப் போகும். விசில் போன்ற குரலில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அவ்வப்போது தெரிவித்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் மீண்டும் கூடும்.

கர்ப்ப காலம் ஐந்தரை மாதம். இவ்வளவு சிறிய விலங்குக்கு இது மிக நீண்ட காலம். ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறக்கும். இரட்டைக் குட்டிகள் சகஜம். முதல் சில வாரங்கள் தாயின் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடியே குட்டிகள் பயணம் செய்யும். அதன் பிறகு, அந்தி சாய்ந்ததும் தாய் குட்டிகளை ஒரு கிளையில் ‘நிறுத்தி’விட்டு வேலைக்குக் கிளம்பிவிடும். சாலையோரம் வண்டியை நிறுத்துவது போல என்பதால், ஆங்கிலத்தில் இதற்கு ‘பார்க்கிங்’ என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். குழுவில் உள்ள ஆண்களும் இளசுகளும் அந்தக் குட்டிகளிடம் வந்து விளையாட்டுக் காட்டிவிட்டுப் போவதையும் அய்யலூரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சித்தப்பாவும் அண்ணனும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நம் வீட்டு ஏற்பாடுதான்!

ஆண்டுக்கு எத்தனையோ குட்டி போடும் எலியைப் போல, இழந்ததை வேகமாக ஈடுகட்டும் இனம் இல்லை இது. ஒரு தாய் தேவாங்கு செத்தால், கிளையில் காத்திருக்கும் குட்டிகளும் சேர்ந்தே போகும்.

விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலையாள்

தேவாங்கு என்ன சாப்பிடும்? அய்யலூர் ஆய்வுகளின்படி, ஏறக்குறைய முழுக்கவே பூச்சி உணவுதான். எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி எனப் பெரிய பட்டியல் அது. மற்ற விலங்குகள் தொடத் தயங்கும் கடிக்கிற, நாறுகிற பூச்சிகளையும் விடாது. கூடவே கொஞ்சம் வேலம் பிசின்.

கரட்டை ஒட்டிய வயல்களுக்கு இதைவிட நல்ல இரவுக் காவலாளி கிடைக்குமா? பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தி விவசாயிகளுக்கு உதவுகிறது என்பதை, சரணாலயம் அறிவித்தபோது தமிழ்நாடு அரசே ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மக்காச்சோளமோ, பருத்தியோ, கரும்போ, எதைப் போட்டாலும் மருந்து அடிக்காமல் விளைச்சல் இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். பூச்சியை ஒழித்தால் அதைத் தின்று வாழும் பிராணி பட்டினி கிடக்கும். விஷம் ஏறிய பூச்சியைத் தின்றால் அந்த விஷம் அதன் உடம்பிலும் சேரும். கூலி கேட்காத காவலாளியை விரட்டிவிட்டு, கடையில் காசு கொடுத்து டப்பா வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மாந்திரீகம் என்ற எமன்

தேவாங்கின் மிகப் பழைய எதிரி, நம் மூடநம்பிக்கை. ‘கண்ணில் பட்டால் கெட்ட சகுனம்’ என்று சில இடங்களில் கல்லால் அடித்திருக்கிறார்கள். ‘அதன் கண்ணுக்கு வசிய சக்தி உண்டு’, ‘உடல் உறுப்பு மருந்தாகும்’ என்று நம்பி வேட்டையாடியிருக்கிறார்கள். ஜோசியம் சொல்கிறவர்கள் கூண்டில் அடைத்து ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் உண்டு.

இதையெல்லாம் நேராகச் சொல்லிவிடலாம். தேவாங்கின் கண்ணுக்கு எந்த மருத்துவ குணமும் கிடையாது. வசியமும் கிடையாது. இருட்டில் பூச்சி பிடிப்பதற்காக இயற்கை கொடுத்த ஒரு ஜோடிக் கண்கள், அவ்வளவுதான்.

சட்டமும் மிகக் கடுமையானது. 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உயர்ந்த பாதுகாப்பு தேவாங்குக்கும் உண்டு. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அபராதம் குறைந்தபட்சம் 25,000 ரூபாய். பிடித்து வளர்ப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம்தான்.

கடவூர் காட்டிய வழி

2022-ம் ஆண்டு அக்டோபர் 12. கரூர் மாவட்டத்தின் கடவூர் பகுதியையும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் பகுதிகளையும் சேர்த்து, 11,806 ஹெக்டேர் காட்டை ‘கடவூர் தேவாங்கு சரணாலயம்’ என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 29,000 ஏக்கர். தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சரணாலயம் என்றதும் நமக்கு முதுமலை, ஆனைமலை போன்ற பச்சைப்பசேல் காடுகள்தான் நினைவுக்கு வரும். கடவூர் அப்படிப்பட்டது இல்லை. பாறைக் கரடுகள், முள்மரங்கள், வறண்ட புதர்க்காடு. ‘ஒன்றுக்கும் உதவாத பொட்டல்’ என்று பலர் ஒதுக்கும் நிலம். அந்த நிலத்துக்குள் ஓர் அபூர்வ உயிர் வாழ்கிறது என்று ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் வனத்துறையும் சேர்ந்து எடுத்துக்காட்டியதால்தான் அதற்கு இந்த மதிப்பு கிடைத்தது.

தியாகதுருகம் மலைக்கோட்டையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். பாறைகள், இடுக்கில் வேர்விட்ட மரங்கள், கள்ளிப் புதர்கள். அங்கிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலையடிவாரத்தின் முள்காடுகள், அதற்கு மேலே மூங்கிலும் மரங்களும் அடர்ந்த சரிவுகள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் இப்படிச் சிதறிக்கிடக்கும் கரடுகளும் சரிவுகளும்தான் தேவாங்கு போன்ற சிறு உயிர்களுக்கு ஏற்ற இடம். யானையும் புலியும் இல்லாத காடு என்பதாலேயே அதைக் ‘காலி நிலம்’ என்று நினைத்துவிடக் கூடாது.

சரணாலயம் என்றதும், ‘இனி ஆடு மேய்க்க விடுவார்களா, சுள்ளி பொறுக்க விடுவார்களா’ என்ற பயம் காட்டோரத்து மக்களுக்கு வருவது இயல்பு. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. காலங்காலமாக அந்தக் காட்டோடு வாழ்ந்தவர்களை எதிரிகளாக்கிவிட்டு எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாது.

இதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம், மரக் கங்காரு. பப்புவா நியூ கினியின் ஹுவோன் தீபகற்பத்தில் வாழும் அந்த அபூர்வ விலங்கை ஒரு காலத்தில் ஊர்க்காரர்களே கறிக்காக வேட்டையாடினார்கள். பிறகு அதே ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தக் குல நிலங்களில் ஒரு பகுதியை வேட்டை இல்லாத இடமாக ஒதுக்கினார்கள். 2009-ல் அது அந்த நாட்டின் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பதிலுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது? காட்டை அழிக்காமல் விளைவித்த அவர்களின் காபிக் கொட்டைக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் வரை சந்தை கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி வந்தது. காட்டு விலங்கு பிழைத்தால் தன் வீடும் பிழைக்கும் என்று தெரிந்தபோது, வேட்டைக்காரரே காவலரானார்.

கல்வராயன் மலை விவசாயி விளைவிக்கும் தேனுக்கும் சாமைக்கும் கடுக்காய்க்கும் இப்படி ஒரு பெயரும் விலையும் கிடைத்தால், காட்டைக் காப்பாற்றச் சொல்லி யாரும் வெளியிலிருந்து வந்து பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

பெங்களூருவில் கரன்ட் கம்பி, இலங்கையில் தேயிலை

தேவாங்கு தாவாது என்று சொன்னோம் அல்லவா? அதற்குக் காடு என்பது கிளையோடு கிளை கோத்த ஒரு பாதை. நடுவில் நாலு மரத்தை வெட்டினால், நமக்கு அது சின்ன இடைவெளி. அதற்குப் பாதையே அறுந்துபோகும். வேறு வழியில்லாமல் தரையில் இறங்கும். அங்கே நாய் இருக்கும், ரோட்டில் லாரி வரும்.

பெங்களூரு நகரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பழைய மரங்கள் நிறைந்த கல்வி நிறுவன வளாகங்களில் இன்னும் தேவாங்குகள் உயிர் வாழ்கின்றன. கிளை இல்லாத இடத்தில் அவை கேபிளிலும் மின்கம்பியிலும் நடக்கின்றன. ஷாக் அடித்துச் சாகின்றன. அங்கே காபேரி கர் குப்தா என்ற ஆய்வாளர் தொடங்கிய திட்டத்தில், ஐ.டி ஊழியர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் இரவில் தெருத்தெருவாக நடந்து தேவாங்குகளைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் மனது வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

இலங்கையின் நிலைமை இன்னும் மோசம். அங்குள்ள மலைக்காடுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறியதில், ஹார்ட்டன் சமவெளித் தேவாங்கு என்ற வகை ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போனதோ என்று அஞ்சிய நிலையில், 2009-ல் முதல்முறையாக அதைப் படம் பிடித்தார்கள். உலகச் செய்திகளில் இடம்பிடித்த அந்தப் படத்துக்குப் பின்னால், நூற்றுக்கணக்கான இரவுகளின் தேடல் இருந்தது. நம்முடைய சாம்பல் நிறத் தேவாங்கைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ‘அழிவு அபாயத்தை நெருங்கும் இனம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கையின் சிவப்புத் தேவாங்கு அதையும் தாண்டி, ‘அழியும் நிலையில் உள்ள இனம்’ என்ற பட்டியலில் நிற்கிறது. இலங்கை அளவுக்குப் போன பிறகு தேடுவதைவிட, இருக்கும்போதே காப்பாற்றுவது சுலபம், செலவும் குறைவு.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய பெரிய காரியம் எதுவும் வேண்டாம். வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் தொடங்கலாம்.

* உயிர்வேலியை அழிக்காதீர்கள். கிளுவை, வேலம், உசில், கள்ளி என்று வயலோரம் நிற்கும் பழைய வேலி, தேவாங்குக்கு நெடுஞ்சாலை. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டால் இரண்டு காடுகளுக்கு நடுவில் போக்குவரத்தே நின்றுவிடும்.

* கரட்டுக்குத் தீ வைக்காதீர்கள். கோடையில் புல்லுக்காக வைக்கும் சின்னத் தீ, வேகமாக ஓடத் தெரியாத தேவாங்குக்கும், கிளையில் காத்திருக்கும் அதன் குட்டிக்கும் மரண தண்டனை.

* காட்டோரச் சாலைகளில் இரவில் வேகத்தைக் குறையுங்கள். ஊர்ந்து போகும் ஒரு நிழல் ரோட்டைக் கடக்க நேரம் பிடிக்கும்.

* காடு ஒட்டிய வயலில் தேவைக்கு மேல் மருந்து அடிக்காதீர்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் போன்ற இயற்கை வழிகளை முதலில் முயன்று பாருங்கள்.

* வழிதவறி ஊருக்குள் வந்த தேவாங்கைக் கண்டால், கூட்டம் கூட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். கையால் தொட வேண்டாம். முகத்தில் வெளிச்சம் அடிக்க வேண்டாம். நாய்களை விரட்டிவிட்டு, அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். கிளையில் குட்டி தனியாக இருந்தால், ‘அநாதை’ என்று எடுத்துவந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். விடிவதற்குள் திரும்பி வரும்.

* வசிய மை, தாயத்து, மருந்து என்று யாராவது தேவாங்கின் பெயரைச் சொல்லி விற்க வந்தால், வாங்காமல் போனால் மட்டும் போதாது. உடனே புகார் கொடுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்கவும் ஆள் இருக்காது.

கடைசியாக, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சின்ன வயதில் எந்தக் கரட்டில், எந்த மரத்தில் தேவாங்கைப் பார்த்தீர்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இடத்தின் பெயரோடு, மரத்தின் பெயரோடு சொல்லுங்கள். அந்த இடத்தில் இன்று மரம் இருக்கிறதா என்று பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டும். இல்லையென்றால், வரும் ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் ஒரு உசிலோ வேலமோ நட்டு வைக்கட்டும். கிளையோடு கிளை சேரும் நாள் வரும்போது, அந்தப் பாதையில் யார் நடந்து வருகிறார்கள் என்று இருட்டுக்கே தெரியும்.